தோழமைக்கு வந்த சோதனை: 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில் நட்பும் மன்னிப்பும்

அரபு மொழியில் நட்பைச் சுட்டும் சொற்கள் ஒன்றிரண்டல்ல. உண்மை எனப் பொருள்படும் 'ஸித்க்' என்னும் சொல்லோடு வேர் பகிர்வது 'ஸதீக்'. நண்பனிடம் உண்மையாய் ஒழுகுபவன் என்பது அதன் பொருள். மென்மை எனப் பொருள்படும் 'ரிஃப்க்' என்பதோடு உறவுடையது 'ரஃபீக்'. அது சிறப்பாக வழித்துணைவனைக் குறிக்கும். உடன் இருப்பவன் 'ஸாஹிப்'. உள்ளத்தின் இடுக்குகளிலெல்லாம் அன்பு ஊடுருவப் பெற்றவன் 'கலீல்' என மொழியறிஞர் விளக்கம் தருவர். இச்சொற்களை வகுப்பில் விரித்துரைக்கும் போதெல்லாம், இந்நால்வருள் உயர்ந்தவர் யார் என்று மாணவர் எவரேனும் கேட்பதுண்டு. அகராதியைப் புரட்டி இதற்கு விடை காண இயலாது. நல்ல நாளில் நால்வரும் ஒருவரே போலத் தோன்றுவர். சோதனை வந்த பின்னரே யார் ஸதீக், யார் வெறும் ஸாஹிப் என்பது தெரியவரும்.

இவ்வுண்மையைச் சின்னஞ்சிறுவர்களின் பள்ளி வாழ்வில் வைத்துக் காட்டும் நாவல் ஒன்று, சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஒருவரால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளது. ஆர்.கே. நாராயணின் முதல் நாவலாகிய 'சுவாமியும் நண்பர்களும்' என்பதே அது. 1935-ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த இந்நூலைச் சிறுவர் குறும்புக் கதையாகவே பலரும் நினைவில் வைத்துள்ளனர். 1986-ஆம் ஆண்டு முதல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான, சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடரும் அந்நினைவையே உறுதிப்படுத்தியது. எனினும் நூலை நிதானமாகப் படிப்பவருக்கு அதன் சிரிப்பின் அடியில் ஒரு துயரம் ஓடுவது புலப்படும். நட்பில் மன்னிப்புக்கு உரிய இடம் எது என்னும் வினாவே இந்நாவலின் உயிர் என்பது இக்கட்டுரையின் துணிபு. தன் உற்ற நண்பன் யார் என்பதற்குச் சுவாமிநாதன் கொண்டிருந்த விடை ஒன்று. கதை நமக்குத் தரும் விடை மற்றொன்று.

நட்பால் பிறந்த நூல்

இந்நாவல் அச்சேறிய வரலாறே நட்பின் வரலாறு. நாராயண் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் இளமையைக் கழித்தவர். உடன் விளையாடப் பிள்ளைகள் அதிகம் இல்லாத அந்த வீட்டில் ஒரு குரங்கும் ஒரு மயிலும் தமக்குத் தோழராய் இருந்ததைப் பிற்காலத்தில் தம் நினைவு நூலில் அவர் எழுதியுள்ளார். 1930-ஆம் ஆண்டு, பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாள் ஒன்றில் புதிய குறிப்பேடு வாங்கி இந்நாவலைத் தொடங்கினார்.

எழுதி முடித்த நூலை இலண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினர். மனம் வெறுத்த நாராயண், ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றுகொண்டிருந்த தம் நண்பர் கிட்டு புர்ணாவுக்கு, கையெழுத்துப் படியைக் கல்லில் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி எழுதினார். நண்பர் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. படியை எடுத்துச் சென்று ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் படித்து வியந்து பதிப்பாளரைத் தேடித் தந்தார். நூலின் பெயரையும் ஆசிரியரின் நீண்ட பெயரையும் சுருக்கி அமைத்ததில் அவருக்குப் பங்குண்டு. கடிதம் வழியே வளர்ந்த நட்பினராகிய நாராயணும் கிரீனும் நேரில் சந்தித்தது 1956-ஆம் ஆண்டில்தான். ஏறத்தாழ இருபதாண்டுகள் முகம் காணாமலே நிலைத்த இந்நட்பு, கோப்பெருஞ்சோழன்–பிசிராந்தையார் நட்பைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்டத் தவறாது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. நண்பனின் சொல்லை மீறியே புர்ணா நட்பைக் காத்தார். கேட்டதைச் செய்வது மட்டும் நட்பாகாது. நண்பனுக்கு எது நலமோ அதைச் செய்வதே நட்பு. நாவலின் இறுதிக் காட்சியை அணுகும்போது இக்குறிப்பு நமக்குப் பயன்படும்.

நால்வரும் நான்கு உறவும்

நாவல் ஒரு திங்கட்கிழமைக் காலையில், பள்ளிக்குச் செல்ல மனமில்லாத சுவாமிநாதனோடு தொடங்குகிறது. ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் அவனுக்கு நெருங்கிய தோழர் நால்வர். எல்லாரிடமும் செல்வாக்குடைய வகுப்புத் தலைவன் சோமு. உடல் வலிமையால் அனைவரையும் அஞ்சவைக்கும் மணி. எல்லாக் கணக்குக்கும் விடை தெரிந்த சங்கர். உருவத்தின் சிறுமையால் 'பட்டாணி' எனப் பெயர் பெற்ற சாமுவேல்.

இந்நால்வரோடும் சுவாமிநாதனுக்குள்ள உறவு ஒரே தன்மையதன்று. சங்கரின் அறிவை அவன் மதிக்கிறான். மணியின் நட்பு அவனுக்குப் பாதுகாப்பு. அந்த வலியவனிடம் அச்சமின்றிப் பழக முடிவதில் பெருமையும் உண்டு. சாமுவேலிடமோ மதிக்கத்தக்க வலிமையும் இல்லை, அறிவும் இல்லை. ஆயினும் இருவரும் ஒரே பொருளைக் கண்டு ஒரே நேரத்தில் சிரிக்கக் கூடியவர்கள். பிறர் கண்ணுக்கே படாத ஒன்று இவ்விருவரையும் சிரித்துக் களைக்கச் செய்யும். பயனை எதிர்பாராத நட்பு என அறநூல்கள் வகுப்பதை நாராயண் எவ்வித விளக்கமும் இன்றி ஒரு சிரிப்பில் காட்டிவிடுகிறார்.

சமயம் குறுக்கிடும் இடத்திலும் இச்சிறுவர் நட்பு கலங்காமல் நிற்பது நோக்கத்தக்கது. வேத பாட வகுப்பில் ஆசிரியர் எபநேசர் இந்துக்களின் தெய்வங்களை இழித்துப் பேசுகிறார். பொறுக்கமாட்டாமல் சுவாமிநாதன் எதிர்க்கேள்வி கேட்கிறான், காது திருகப்படுகிறது, மறுநாள் தந்தையின் கடிதம் தலைமையாசிரியரிடம் செல்கிறது. புரசைவாக்கத்து மிஷன் பள்ளியில் நாராயண் தாமே பட்ட அனுபவத்தின் சாயல் இதில் உண்டு. பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்னும் கருத்தமைந்த திருக்குர்ஆன் வசனத்தை (6:108) அறிந்த எவரும், இவ்விடத்தில் சிறுவனின் மனக்காயத்தைத் தம் காயமாகவே உணர்வர். ஆனால் அக்காயத்தின் கோபம் ஆசிரியரைத் தாண்டிச் சாமுவேல் என்னும் பெயருடைய தோழன்மேல் ஒருபோதும் பாயவில்லை. பெரியவர்கள் பலருக்கு வாய்க்காத பகுத்தறிவு இது. தவறு செய்தவரையும் அவர் சார்ந்த கூட்டத்தையும் வேறுபிரித்துக் காண அச்சிறுவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

வியப்பில் எழுந்த நட்பு

இந்த வட்டத்துக்குள் நுழைபவன் ராஜம். காவல்துறை உயர் அதிகாரியின் மகன். காலுறையும் காலணியும் அணிந்து வருபவன். வெள்ளைக்காரச் சிறுவனைப் போல ஆங்கிலம் பேசுபவன். வந்தவுடன் மணிக்கும் அவனுக்கும் பகை மூள்கிறது. தூது போகிறவன் சுவாமிநாதன். சரயு நதிக்கரையிலுள்ள நல்லப்பன் தோப்பில் இருவரும் மோதிக்கொள்ள நாள் குறிக்கின்றனர். மணி தடியோடு வருகிறான். ராஜம் காற்றுத் துப்பாக்கியோடு வருகிறான். பகைக்குக் காரணம் என்னவென்று ஒருவரையொருவர் வினவும்போது, பெரிதாக எதுவும் இல்லை என்பது தெரியவருகிறது. பகைவர் நண்பராகின்றனர்.

வாசகர் மகிழும் இக்காட்சியில் நாம் கவனிக்க வேண்டியது சுவாமிநாதனின் நிலை. ராஜத்தின் மீது அவன் கொள்வது அன்பு என்பதைவிட வியப்பு என்பதே பொருந்தும். பாட்டியிடம் அமர்ந்து ராஜத்தின் பெருமையை அளந்து பேசுகிறான். பாட்டியோ தன் கணவரின் பெருமையைச் சொல்லத் தொடங்குகிறாள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லை. சங்கரின் அறிவும் மணியின் வலிமையும் ராஜம் ஒருவனிடத்திலேயே கூடியிருப்பதாகச் சிறுவன் நம்புகிறான். பழைய தோழர்கள் இதனைப் பொறுக்காமல் அவனை ராஜத்தின் 'வால்' என்று எள்ளி, முதுகில் காகித வாலும் ஒட்டிவிடுகின்றனர். கேலி கொடியது, எனினும் அதில் உண்மை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் மேலும் மற்றவர் கீழும் நிற்கும் உறவில் மேலே நிற்பவருக்கு மன்னிக்கும் கடமை நினைவுக்கு வருவதில்லை. பின்னர் நிகழும் முறிவின் வித்து இங்கேயே ஊன்றப்பட்டுவிடுகிறது.

பிரிந்த தோழர்களைச் சேர்த்துவைக்கவும் ராஜமே முன்வருகிறான். அனைவரையும் தன் வீட்டுக்கு அழைத்து, பகை கொள்பவருக்கு நரகில் காத்திருக்கும் வேதனைகளை வேதங்களின் பெயரால் விரித்துரைத்து, அன்பளிப்புகளும் வழங்கி இணக்கம் காண்கிறான். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. நாவலை முடித்துவிட்டு இவ்விடத்துக்குத் திரும்பி வந்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. பகையின் தண்டனை குறித்துச் சொற்பொழிவு நிகழ்த்திய அதே சிறுவன், தன் மனத்தாங்கல் என்று வந்தபோது ஒரு சொல்லும் பேசாமல் ரயில் ஏறிவிடுகிறான். உபதேசம் எளிது என்பதை மிம்பரில் ஏறுவோரும் வகுப்பில் நிற்போரும் அறிவோம்.

வட்டத்துக்கு வெளியே

இந்நட்பு வட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் நாராயண் மறைக்கவில்லை. ஒரு நண்பகலில் ராஜம், மணி, சுவாமிநாதன் மூவரும் சாலையில் வந்த மாட்டுவண்டி ஒன்றை மறிக்கின்றனர். வண்டியோட்டி வருபவன் கருப்பன் என்னும் ஏழைச் சிறுவன். பாலம் வலுவற்றது என்றும், தாங்கள் காவல்துறையைச் சேர்ந்தவர்கள் என்றும் சொல்லி அவனை நடுநடுங்க வைக்கின்றனர். விளையாட்டுத்தான். ஆனால் அந்த அதிகாரம் ராஜத்தின் தந்தையிடமிருந்து இரவல் பெற்ற அதிகாரம். கருப்பனுக்கும் இவர்களுக்கும் வயது வேறுபாடு அதிகமில்லை. அவன் நண்பனாகக்கூடும் என்ற எண்ணம் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டிக்காரனின் மகனைப் பற்றிய அத்தியாயத்திலும் இதே நிலைதான்.

நாவலாசிரியர் சிரித்துக்கொண்டே கடந்துவிடும் இவ்விடங்களில் விமரிசகன் சற்று நின்றாக வேண்டும். உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் வளர்ந்த எம் போன்றோர், மாடு மேய்த்த பிள்ளைகளோடு ஒரே ஏரியில் நீந்தியவர்கள். அங்கும் கரையேறிய பின் பாதைகள் பிரிந்தே சென்றன என்பதை மறுப்பதற்கில்லை. நாராயண் இவ்வெல்லையைக் கண்டித்து எழுதவில்லை; ஆயினும் உள்ளதை உள்ளவாறு எழுதியதால் கண்டிக்கும் வாய்ப்பை நமக்கு விட்டுவைத்துள்ளார். அவருடைய எழுத்தின் குறை என இதனைக் கொள்வாரும் உண்டு. நேர்மை எனக் கொள்வதே தக்கது என எண்ணுகிறேன்.

தனியே சென்ற காடு

1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று, தேசியத் தலைவர் ஒருவர் கைதானதைக் கண்டித்து மால்குடியில் கூட்டம் நடைபெறுகிறது. சுவாமிநாதன் தன் தொப்பியைத் தீயிலிடுகிறான். மறுநாள் பள்ளியின் சன்னல் கண்ணாடிகளை உடைக்கிறான். கூட்டத்தைக் கலைக்கும் காவல் அதிகாரி ராஜத்தின் தந்தை. பள்ளியிலிருந்து விலகிய சுவாமிநாதன் போர்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்கிறான். ராஜம் சில காலம் விலகியிருந்து, பின் அவனே தேடி வருகிறான். இருவரும் மணியுடன் சேர்ந்து கிரிக்கெட் குழு அமைக்கின்றனர். இங்கிலாந்து வீரர் டேட்டின் பெயர் சுவாமிநாதனுக்குச் சூட்டப்படுகிறது. அணியின் வெற்றி அவன் பந்துவீச்சையே நம்பியிருக்கிறது.

புதிய பள்ளியின் மாலை நேர உடற்பயிற்சி வகுப்பு பந்தயப் பயிற்சிக்குத் தடையாகிறது. மருத்துவர் ஒருவரின் வாய்மொழியை நம்பி வகுப்பைத் தவிர்த்த சிறுவன், தலைமையாசிரியரின் பிரம்பை எதிர்கொள்ள நேர்கிறது. அதைப் பறித்துச் சன்னல் வழியே எறிந்துவிட்டு ஓடுகிறான். வீட்டுக்கும் போக முடியாது, பள்ளிக்கும் போக முடியாது. மெம்பிக் காட்டுச் சாலையில் வழி தவறி, இருளில் அஞ்சி, மயங்கி விழுகிறான். வண்டிக்காரன் ஒருவன் கண்டெடுக்கிறான். வன அதிகாரி ஒருவர் வீடு சேர்க்கிறார். ஊர் திரும்பும்போதுதான் பந்தயம் முடிந்துவிட்டதும் தன் அணி தோற்றுவிட்டதும் அவனுக்குத் தெரிகிறது.

சிறுவர் வீரச்செயல் நாவல்களின் பொது இலக்கணத்தோடு இதனை ஒப்பிட்டால் நாராயணின் தனித்தன்மை விளங்கும். மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் (1884) ஆற்றுப் பயணமே ஹக்கையும் ஜிம்மையும் நண்பராக்குகிறது. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' (1883), கிப்ளிங்கின் 'கிம்' (1901) ஆகியவற்றிலும் பயணத்தின் அபாயமே மனிதரைப் பிணைக்கிறது. நாராயணிடம் இது தலைகீழாகிறது. சுவாமிநாதன் காட்டுக்குத் தனியே போகிறான். வீரச்செயல் நட்பை வளர்க்கவில்லை, முறிக்கிறது.

வழியைத் தேடுமுன் வழித்துணையைத் தேடு என்பது அரபியர் வழங்கும் பழமொழியின் கருத்து. ஹிஜ்ரத்தின்போது தவ்ர் குகையில் நபி (ஸல்) அவர்களோடு இருந்த அபூபக்ர் (ரலி) அவர்களைத் திருக்குர்ஆன் 'ஸாஹிப்' என்னும் சொல்லால் சுட்டுகிறது (9:40). அச்சம் சூழ்ந்த இடத்தில் உடன் இருத்தலே அச்சொல்லின் முழுப்பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு துஃபைல் தம் 'ஹய்யு இப்னு யக்ளான்' நூலில், தனித்தீவில் வளர்ந்து தன் அறிவாலேயே மெய்ப்பொருளை உணர்ந்த ஒருவனைப் படைத்தார். அவனுக்கும் இறுதியில் அப்ஸால் என்னும் தோழன் தேவைப்பட்டான். மொழியை அவனுக்குக் கற்பித்தவன் அத்தோழனே. மெம்பிக் காட்டில் சுவாமிநாதனுக்கு அப்ஸால் இல்லை. அவன் பட்ட பாடு எத்தகையது என்பதைத் தோழர் எவரும் கண்டதில்லை. காணாததால்தான் அவனுடைய குற்றம் மட்டுமே ராஜத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

மன்னிப்பு என்னும் உரிமை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தோழமைக்கென ஒரு தனிப் பகுதியே ஒதுக்கியுள்ளார்கள். நண்பன்மீது நண்பனுக்குள்ள உரிமைகளை எட்டாக வகுக்கிறார்கள்: பொருளால் உதவுதல், உடலால் உதவுதல், குறை பேசாது நாவடக்கல், நல்லதைப் பேசுதல், பிழை பொறுத்தல், அவனுக்காக இறைஞ்சுதல், இறுதிவரை உண்மையாய் இருத்தல், சுமையாகாதிருத்தல். இவற்றுள் ஐந்தாவதாகிய பிழை பொறுத்தலை விளக்குமிடத்தில், நம் உரிமையில் நண்பன் செய்த தவறாயின் மன்னிப்பே மேலானது என்றும், அவன் கூறும் காரணத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் உரைக்கிறார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மன்னிப்பைக் கஸ்ஸாலி அவர்கள் மன்னிப்பவரின் பெருந்தன்மையாகக் கூறவில்லை; தவறியவனின் உரிமையாகக் கூறுகிறார்கள். உரிமை என்றான பின் அதை மறுப்பது அநீதியின் பாற்படும்.

திருவள்ளுவரும் 'நட்பு', 'நட்பாராய்தல்' ஆகிய அதிகாரங்களுக்கு அடுத்து 'பழைமை' என ஓர் அதிகாரம் வைத்தார். நெடுநாள் பழகியவர் உரிமையால் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்வதே அதன் பொருள். ஆராய்ந்து நட்புக் கொள். கொண்டபின் பொறுத்துக்கொள் என்பது அதிகார வைப்பு முறையே உணர்த்தும் பாடம்.

இவ்வளவுகோலால் ராஜத்தை அளந்தால் வியப்பான ஒன்று தெரிகிறது. தன் தந்தை பணியாற்றும் அரசுக்கு எதிராகக் கண்ணாடி உடைத்த நண்பனை அவன் மன்னித்தான். ஒரு கிரிக்கெட் பந்தயத்துக்கு வராத நண்பனை மன்னிக்கவில்லை. பெரிய பிழை பொறுக்கப்பட்டது, சிறிய பிழை பொறுக்கப்படவில்லை. காரணம் எளிது. முன்னது அரசுக்கு எதிரானது. பின்னது தனக்கு எதிரானது. மனித உள்ளம் தன் மானத்துக்கு நேர்ந்த இழப்பையே பெரிதாகக் காணும். ராஜம் கெட்டவனல்லன், நம்மைப் போன்றவன்.

சிறுவர் ஊடலை இத்தனைக் கனமான நூல்களின் தராசில் நிறுக்கலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான வினாவே. இமாம் கஸ்ஸாலி அவர்கள் பெரியவர்களுக்காக எழுதினார்கள். பந்தயத்தில் தோற்ற பத்து வயதுப் பிள்ளையின் கோபத்தைக் குற்றமாகக் கொள்ள முடியாது. ஆனால் நாராயண் இந்நாவலைப் பிள்ளைகளுக்கென மட்டும் எழுதவில்லை. பிள்ளைப் பருவத்திலேயே படிந்துவிடும் பழக்கம் பின் மாறுவதில்லை என்பதை அறிந்தவர்களுக்காகவும் எழுதினார். எந்தப் பாத்திரத்தையும் அவர் தண்டிப்பதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. தீர்ப்பை வாசகரிடம் விட்டுவிடுவதே அவருடைய கலை.

மணி சொன்ன சொல்

ராஜத்தின் தந்தைக்குத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றலாகிறது. விடியற்கால ரயிலில் குடும்பம் புறப்படுகிறது. ஆண்டர்சனின் தேவதைக் கதைகள் நூலில் ராஜத்தின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு சுவாமிநாதன் நிலையத்துக்கு வருகிறான். அங்கே அதிகாரியை வழியனுப்ப வந்தோர் கூட்டம். தோழனை நெருங்கவே தயக்கம். ரயில் நகர்கிறது. புத்தகத்தை மணிதான் வாங்கி ராஜத்தின் கையில் சேர்க்கிறான். ராஜம் ஏதோ சொன்னதுபோல் இருக்கிறது. சக்கரங்களின் ஓசையில் அது கேட்கவில்லை. தனக்குக் கடிதம் எழுதுவானா என்று சுவாமிநாதன் ஆவலோடு கேட்கிறான். எழுதுவான் என்ற பொருளில் மணி விடை சொல்கிறான். முகவரி இருக்கிறதா என்ற கேள்விக்கும் சமாளித்து ஒரு பதில் வருகிறது. மணியின் முகத்தைப் படிக்க முயன்ற சுவாமிநாதனுக்கு, பழகிய காலத்தில் முதன்முறையாக, அது விளங்காமல் போகிறது. நாவல் அங்கே முடிகிறது.

விமரிசகர் பலரும் இம்முடிவை நிச்சயமின்மையின் அழகு என்பர். அது உண்மையே. ஆயினும் நாம் இன்னும் ஓர் அடி வைக்கலாம். தன் சகோதரனோடு மூன்று நாள்களுக்கு மேல் பேசாதிருப்பது கூடாது, இருவரில் முதலில் ஸலாம் கூறுபவரே சிறந்தவர் என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. புத்தகத்தோடு நிலையத்துக்கு வந்த சுவாமிநாதன், அதை அறியாமலே அந்தச் சிறப்புக்குரியவனாகிறான். 'வால்' என்று எள்ளப்பட்டவன் இந்த விடியலில் ராஜத்தைவிட உயர்ந்து நிற்கிறான்.

மணியோ அவனினும் ஒரு படி மேல். பகைத்த இருவரிடையே இணக்கம் உண்டாக்க நல்லதை எடுத்துச் சொல்பவர் பொய்யர் ஆகமாட்டார் என்னும் கருத்திலும் நபிமொழி வந்துள்ளது. மணி சொன்னது உண்மையா, ஆறுதலா என்பதை நாராயண் நமக்குத் தெரிவிக்கவில்லை. உண்மையாயின் அவன் நல்ல தூதுவன். ஆறுதலாயின் அவன் நல்ல நண்பன். படிப்பில் பின்தங்கி, வம்புக்காரன் எனப் பெயரெடுத்து, தடியே துணையெனத் திரிந்த அந்த முரடன், இவ்விடத்தில் தடியால் சாதிக்க முடியாததை ஒரு சொல்லால் சாதிக்கிறான். வண்டிக்காரன் ஏமாற்றிய காசை மீட்கச் சுவாமிநாதனோடு புறப்பட்டவனும் அவனே; பந்தயத் தோல்விக்குப் பின் சுவாமிநாதனைக் கைவிடாதவனும் அவனே. நாவல் முழுவதும் சுவாமிநாதனின் கண் ராஜத்தின் மீதே இருந்தது. மணி உடன் இருந்தான். உடன் இருப்பவன் கண்ணுக்குப் படுவதில்லை. 'ஸாஹிப்' என நாம் எண்ணியவனே 'ஸதீக்' ஆக வெளிப்படும் இடம் இதுவே. புர்ணா நண்பனின் சொல்லை மீறி நூலைக் காத்ததும், மணி நண்பனின் கேள்விக்கு உகந்த விடையைத் தேடித் தந்ததும் ஒரே அறத்தின் இரு செயல்கள்.

முடிவாக ஒன்று

இக்காட்சியைப் படிக்கும்போது எனக்கு ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. மார்க்கக் கல்விக்காகப் பன்னிரண்டு வயதில் காவாந்தண்டலத்திலிருந்து புறப்பட்ட அன்று, என்னோடு தொடக்கப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்த தோழன் ஒருவன் பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்திருந்தான். அவன் வேறு சமயத்தவன். சடுகுடு ஆட்டம் ஒன்றில் எழுந்த சண்டையால் இரண்டு வாரங்களாக நாங்கள் பேசவில்லை. அவன் கையில் ஓலையில் பொதிந்த நுங்கு இருந்தது. நான் மறுபுறம் திரும்பிக்கொண்டேன். பேருந்து கிளம்பியபின் பார்த்தேன். பொதி என் பெட்டியின்மேல் இருந்தது. எப்போது வைத்தான் என்று தெரியாது. விடுமுறையில் ஊர் வந்தபோது அவன் குடும்பம் பிழைப்புத் தேடி வேறிடம் போய்விட்டிருந்தது. பின்னர் அவனைக் காணும் வாய்ப்பு அமையவில்லை.

மூன்று நாள் என்னும் எல்லையை விளக்கும் நபிமொழியை அதன்பின் பலமுறை பாடம் கேட்டேன்; இன்று பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தியும் வருகிறேன். அதன் சொல்லிலக்கணம் அனைத்தும் எனக்குத் தெரியும். அதன் பொருளை எனக்கு முதலில் உணர்த்தியவன், அந்நபிமொழியைக் கேள்விப்படாத ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன்.

ஆகவே 'சுவாமியும் நண்பர்களும்' நாவலைப் பிள்ளைகளுக்கு மட்டும் தந்துவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. பிள்ளைகள் அதில் சுவாமிநாதனைக் காண்பர், சிரிப்பர். பெரியவர்கள் ராஜத்தைக் காண வேண்டும். ரயில் நகரத் தொடங்கிய பின்னும் சன்னல் வழியே கை நீட்ட நேரம் இருக்கிறது. சக்கரத்தின் ஓசை கூடுவதற்கு முன்னரே பேச வேண்டிய சொல்லைப் பேசிவிடுவது நல்லது. நமக்காகப் பேச ஒரு மணி எப்போதும் அருகில் நிற்பான் என்பதற்கு உறுதி இல்லை.